நிவாரணத்துக்கு ராணுவம் எதற்கு, பணமாகக் கொடுத்தால் போதாதா?

வாசகர் கேள்வி, பிப்ரவரி 3

எங்கே நிலநடுக்கம் வந்தாலும் நாலு நாட்டு ராணுவ விமானம் போய் இறங்குகிறது, கொடி ஒட்டிய பெட்டியோடு படம் வருகிறது. அந்த விமானத்துக்கு ஊற்றும் எரிபொருள் காசை அப்படியே அந்த நாட்டிடம் கொடுத்தால் அவர்களே கூடாரம் வாங்கிக்கொள்ள மாட்டார்களா? ராணுவம் போவது உதவிக்கா, விளம்பரத்துக்கா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பிப்ரவரி 3, இரவு

இரண்டுக்கும்தான். பெயர் வராத வேலைக்கு எந்த அரசும் இத்தனை எரிபொருள் செலவழிக்காது, அதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. ஆனால் பணமாகக் கொடுத்துவிடலாம் என்ற யோசனை முதல் வாரத்துக்குப் பொருந்தாது. நான் நிவாரணச் சரக்கு வேலையில் 11 வருடம் இருந்தவன். ராணுவத்தில் இல்லை, அவர்கள் இறக்கிவைத்ததை எண்ணிக் கையெழுத்துப் போட்டு வாங்குகிற பக்கம். அந்த முதல் நாலைந்து நாளில் கையில் எவ்வளவு பணம் இருந்தாலும் வாங்க முடியாத பொருள்கள் உண்டு. ஹெலிகாப்டர் அதில் முதலாவது.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு இந்தோனேசியாவின் அச்சே மாகாணத்தில் மேற்குக் கரைச் சாலை பாலங்களோடு சேர்ந்து போய்விட்டது. மெலாபோ மாதிரி ஊர்களுக்கு லாரி போக வழியில்லை. ஜனவரி 1 அன்று ஆப்ரகாம் லிங்கன் என்ற அமெரிக்க விமானந்தாங்கிக் கப்பல் அந்தக் கரையோரம் வந்து நின்றது. அதற்கப்புறம் அதன் ஹெலிகாப்டர்கள் சாப்பாட்டையும் தண்ணீரையும் கொண்டுபோய் இறக்கின, திரும்பும்போது காயம்பட்டவர்களை ஏற்றிவந்தன. அத்தனை ஹெலிகாப்டரை அந்த வாரத்தில் வாடகைக்குத் தர உலகத்தில் யாரும் தயாராக உட்கார்ந்திருக்கவில்லை.

ஆக, ராணுவம் இல்லாமல் இந்த வேலை நடக்காது.

பிப்ரவரி 3, நள்ளிரவு தாண்டி

மேலே கடைசி வரியை வேகத்தில் எழுதிவிட்டேன், படுத்த பிறகு உறுத்துகிறது. 1990 குவைத் ஞாபகம் வந்தது. சதாம் ஹுசைன் படை உள்ளே புகுந்ததும் அங்கே சிக்கிய இந்தியர்கள் 1,70,000 பேருக்கும் மேல். அவர்களில் பெரும்பாலோர் சாலை வழியாக ஜோர்டானின் அம்மான் வரை வந்து, அங்கிருந்து விமானத்தில் ஊர் திரும்பினார்கள். இரண்டு மாதம் ஓடிய அந்த வேலையில் பெரும்பங்கு ஏர் இந்தியாவின் சாதாரணப் பயணிகள் விமானங்களுடையது. ராணுவ விமானத்தை வைத்து ஆரம்பித்துப் பார்த்தார்கள், அனுமதி வாங்குவது பெரும்பாடாக இருந்தது.

காரணம் சிகாகோ உடன்படிக்கை. விமானப் போக்குவரத்துக்காக நாடுகள் 1944-இல் போட்டது, அதன் 3-ஆவது பிரிவுதான் இங்கே விஷயம். ராணுவம், சுங்கம், போலீஸ் மூன்றின் விமானங்களும் 'அரசு விமானம்' என்ற கணக்கில் வரும். அடுத்த நாட்டின் வான்வெளியில் தனி அனுமதி இல்லாமல் அவை நுழையவே கூடாது. உள்ளே இருப்பது பால் பவுடராக இருந்தாலும் சட்டத்துக்கு அது போர் விமானத்தின் பங்காளிதான். அந்த அனுமதியை வாங்கித் தருகிற ஆள் தூதரகத்தில் இருக்கிறார். விமானி எவ்வளவு தைரியசாலியாக இருந்தாலும் தூதரகத்தில் ஒருவர் தொலைபேசியில் மன்றாடி அந்த அனுமதி எண்ணை வாங்கித் தரும்வரை இயந்திரத்தை முடுக்க முடியாது.

பிப்ரவரி 4

'அப்படியானால் பயணிகள் விமானமே போதுமே' என்று ஒருவர் கேட்டிருக்கிறார். ஓடுபாதை இருந்து, அதன்மேல் யாரும் குண்டு போடாமலும் இருந்தால் போதும்.

ஏமன், 2015. சண்டையில் சிக்கிய இந்தியர்களை மீட்ட கதை. இரண்டும் எப்படிக் கலக்கும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை. வான்வெளியைச் சவூதி கூட்டணி பிடித்துவைத்திருந்தது. சனா விமான நிலையத்தில் தினமும் சில மணி நேரம் மட்டும் இறங்க அனுமதி, அதுவும் ரியாத்தோடு பேசிப் பேசி வாங்கியது. அந்த இடைவெளியில் உள்ளே போய் ஆட்களை ஏற்றிவந்தது ஏர் இந்தியா. ஏடனில் விமானம் இறங்க வழியில்லை, துறைமுகத்தைச் சுற்றிச் சண்டை. அங்கே போனது கடற்படை. மார்ச் 31 இரவு ஐஎன்எஸ் சுமித்ரா 349 பேரை ஏற்றிக்கொண்டு எதிர்க்கரை நாடான ஜிபூட்டிக்குப் போனது, பிறகு மும்பை, தர்காஷ் என்ற கப்பல்களும் சேர்ந்தன. ஜிபூட்டியிலிருந்து ஊருக்கு விமானப்படையின் சி-17 சரக்கு விமானம். அந்த ஊரில் வெளியுறவுத் துறை இணை அமைச்சர் வி.கே. சிங்கே உட்கார்ந்து ஒருங்கிணைத்தார், அவர் முன்னாள் ராணுவத் தளபதி என்பது வேறு கதை. மொத்தம் 4,600-க்கும் மேற்பட்ட இந்தியர்கள், அவர்களோடு 41 நாடுகளைச் சேர்ந்த 960 பேர்.

இதில் எனக்குப் பிடித்த துணுக்கு: முகல்லாவில் சிக்கிய 11 இந்தியர்களை ஏற்றிக்கொண்டு கராச்சி சேர்த்தது பாகிஸ்தான் கடற்படைக் கப்பல். அங்கிருந்து அவர்கள் தனி விமானத்தில் டெல்லி வந்தார்கள். சண்டைக்கார வீட்டுப் பிள்ளையை மழையில் பார்த்தால் திண்ணையில் ஏற்றிக்கொள்வது மாதிரி.

பிப்ரவரி 4, மாலை

அதே இரண்டு வீட்டின் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கணக்கு ஒருபக்கமாகிவிடும். 2005 அக்டோபர் காஷ்மீர் நிலநடுக்கத்தில் பாகிஸ்தானுக்கு ஹெலிகாப்டர் அவசரமாகத் தேவைப்பட்டது, இந்தியா தருகிறேன் என்றது. பாகிஸ்தான், ஹெலிகாப்டர் வரட்டும், உங்கள் விமானிகள் வேண்டாம் என்றது. விமானி இல்லாமல் தர மாட்டோம் என்றது இந்தியா. அதோடு முடிந்தது. மலையில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

பிப்ரவரி 6

சும்மா போய் நின்றுவிட்டுத் திரும்பிய கதைகளை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன், வண்டி வண்டியாக வருகிறது. 2008 மே, மியான்மரில் நர்கிஸ் புயல். சரக்கு விமானங்கள் யாங்கோன் வர ராணுவ ஆட்சி ஒப்புக்கொண்டது. ஆனால் எஸ்செக்ஸ் என்ற கப்பலின் தலைமையில் கடலில் நின்ற அமெரிக்கக் கப்பல்களின் ஹெலிகாப்டர்களை ஐராவதி டெல்டாவுக்குள் விடவில்லை. மூன்று வாரம் போல நின்று பார்த்துவிட்டு ஜூன் 5 அன்று கிளம்பிவிட்டன. பிரெஞ்சுக் கப்பல் மிஸ்த்ரால் தன் சரக்கைத் தாய்லாந்தில் இறக்கி உலக உணவுத் திட்டத்திடம் ஒப்படைத்தது. 2015 நேபாள நிலநடுக்கத்துக்கு பிரிட்டன் மூன்று சினூக் ஹெலிகாப்டர்களை அனுப்பியது, அவை இந்தியா வரை வந்து, நேபாளத்தின் அனுமதி கிடைக்காமல், ஒரு மூட்டைகூடத் தூக்காமல் திரும்பின.

இதைப் படித்து 'என்ன கல்நெஞ்சு' என்று சிலர் சொல்வார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல மாட்டேன். காயம்பட்ட நேரத்தில் வீட்டுக்குள் ஆயுதம் தாங்கிய ஆட்களை விடச் சொன்னால் யாரும் யோசிக்கத்தான் செய்வார்கள். அச்சேயிலும் அப்போது உள்நாட்டுச் சண்டை நடந்துகொண்டிருந்தது. மூன்று மாதத்துக்குள் வெளிநாட்டுப் படைகள் கிளம்பிவிட வேண்டும் என்று இந்தோனேசியா அப்போதே சொல்லிவிட்டது. லிங்கன் கப்பலின் போர் விமானிகள் பயிற்சிக்குப் பறக்கத் தன் வான்வெளியைத் தரவில்லை. பயிற்சிக்காகக் கப்பல் தள்ளிப் போக வேண்டியிருந்தது. உதவியை வாங்கிக்கொண்டே எல்லைக்கோட்டையும் போட்டார்கள், அதில் எனக்கு மரியாதைதான்.

பிப்ரவரி 9

பேலட், அதாவது சரக்கை அடுக்கிக் கட்டும் பலகை, அதை வைத்து நான் பட்ட பாட்டின் கதையைக் கேட்டார்கள், சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

ஒரு தீவில் புயல். எந்தத் தீவு, யார் விமானம் என்று கேட்காதீர்கள். சின்ன விமானத்தளம், ஒரே ஒரு ஃபோர்க்லிஃப்ட், அதுவும் மரத்தட்டு தூக்கப் பழகியது. வெளிநாட்டு விமானப்படை ஒன்று கூடாரமும் தார்ப்பாயும் கொண்டுவந்தது. ராணுவச் சரக்கு விமானத்தில் 463எல் என்ற அலுமினியப் பேலட் பயன்படுத்துவார்கள். தட்டையான பலகை, இரண்டே கால் அங்குலத் தடிமன், ஒன்றில் நாலரை டன் வரை ஏற்றலாம், மேலே வலை போட்டுக் கட்டியிருக்கும். விமானத்தின் தரையில் உள்ள உருளைகள்மேல் அது வழுக்கிக்கொண்டு ஓடும், பார்க்கவே அழகு. ஆனால் தரையில் நேராக வைத்துவிட்டால் அடியில் கைவிரல்கூட நுழையாது. ஃபோர்க்லிஃப்ட்டின் முள் எப்படி நுழையும்? மூன்று மரக்கட்டையைப் போட்டு அதன்மேல் இறக்கினால் முள் நுழைய இடம் கிடைக்கும். அவர்கள் நேராகத் தார் மேல் இறக்கிவிட்டு, அடுத்த நடைக்குத் தாமதமாகிறது என்று இயந்திரத்தைக்கூட நிறுத்தாமல் போய்விட்டார்கள்.

14 பேலட். வலையை அவிழ்த்து ஒவ்வொரு மூட்டையாகக் கையால் இறக்கினோம், இரண்டு நாள். அதற்குள் பின்னால் வந்த விமானங்கள் நிறுத்த இடமில்லாமல் வானத்தில் வட்டமடித்துவிட்டுத் திரும்பின. அந்த இரண்டு நாளும் அந்த விமானப்படையை நான் திட்டாத திட்டு இல்லை.

மூன்று வாரம் கழித்து அவர்களுடைய சார்ஜென்ட் ஒருவர் ஒரு பட்டியலோடு வந்து இறங்கினார். பேலட்டுகளையும் வலைகளையும் எண்ணித் திரும்பக் கொண்டுபோக வேண்டுமாம், அவை விமானப்படைச் சொத்து. பாதியைக் கண்டுபிடித்துக் கொடுத்தோம். ஒன்று தற்காலிக மருத்துவ முகாமின் தரையாகியிருந்தது, அதன்மேல் மருந்து மேசை. வலை ஒன்று கைப்பந்து வலையாகியிருந்தது, நாங்கள் தேடிப் போன நேரம் ஆட்டம் வேறு நடந்துகொண்டிருந்தது. மனிதர் ஓரமாக நின்று ஒரு செட் பார்த்தார். அப்புறம் பட்டியலில் அந்த வலைக்கு நேரே 'சேதம்' என்று எழுதிக்கொண்டு போய்விட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

பிப்ரவரி 9, இரவு

மேலே எழுதியதைத் திரும்பப் படித்ததில் ஒன்று தோன்றியது: விமானங்களின் எண்ணிக்கை எப்போதுமே இரண்டாவது கேள்வி. இறக்குகிற கை எத்தனை, அதைவிட முக்கியமாக எதை முதலில் இறக்குவது என்ற பட்டியல் யார் கையில்?

2010 ஜனவரி, ஹெய்ட்டி நிலநடுக்கம். தலைநகர் போர்ட்டோபிரின்ஸில் ஒரே ஓடுபாதை, கட்டுப்பாட்டுக் கோபுரம் உதவாமல் போயிற்று. அமெரிக்க விமானப்படைச் சிறப்புப் பிரிவினர் ஓடுபாதை ஓரத்தில் மடக்கு மேசை போட்டு, வானொலிக் கருவியோடு உட்கார்ந்து, உலகம் முழுவதிலிருந்தும் வந்த விமானங்களை இறக்கினார்கள். வேலையாக எடுத்துக்கொண்டால் கைதட்ட வேண்டிய வேலை. ஆனால் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் காற்று ஊதி நிறுத்தும் மருத்துவமனையை ஏற்றிவந்த விமானம் இறங்க விடாமல் பக்கத்து டொமினிக்கன் குடியரசுக்குத் திருப்பப்பட்டது. அங்கிருந்து அது சாலை வழியாக வந்தது. படைவீரர்களை ஏற்றிய விமானத்துக்கு முன்னுரிமை, அறுவை சிகிச்சைக்கூடத்துக்கு இல்லையா என்று அவர்கள் வெளிப்படையாகவே கேட்டார்கள். விமானம் இறக்கத் தெரிந்தவரிடமே பட்டியலையும் கொடுத்தால் இப்படித்தான் ஆகும்.

சுமக்கத் தெரிந்தவன் சுமக்கட்டும், பட்டியல் சிவில் ஆள் கையில் இருக்கட்டும். 11 வருடத்தில் நான் கற்றது இவ்வளவுதான்.

பிப்ரவரி 10

விலகிப் போகிறேன், ஆனாலும் பெர்லின் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1948 ஜூனில் சோவியத் படை மேற்கு பெர்லினின் சாலை, ரயில் எல்லாவற்றையும் அடைத்தது. 1949 செப்டம்பர் வரை விமானத்திலேயே ஊரை நடத்தினார்கள், 23 லட்சம் டன், அதில் மூன்றில் இரண்டு பங்கு போல நிலக்கரி. இதை நடத்திய அமெரிக்க ஜெனரல் வில்லியம் டன்னர் செய்த மாற்றங்களில் ஒன்று, பெர்லினில் சரக்கு இறங்கும்போது விமானிகள் விமானத்தைவிட்டு நகரக் கூடாது என்பது. காப்பி குடிக்க அவர்கள் போவதற்குப் பதில், காப்பி வண்டி விமானத்தருகே வரும். வானிலைத் தகவலும் வண்டியிலேயே வரும். நேரம் மிச்சம். அந்த ஆள் எங்கள் தீவுக்கு வந்திருந்தால் மூன்று கட்டைகளை மறந்திருக்க மாட்டார்.

பிப்ரவரி 13

விதிமுறை ஏதும் இல்லையா என்று கேட்டவருக்கு: இருக்கிறது. ஆஸ்லோ வழிகாட்டுதல்கள், 1994-இல் வந்து 2006-இல் திருத்தப்பட்டவை. சட்டம் இல்லை, ஒப்புக்கொண்ட நடைமுறை. சாரம் இதுதான்: சிவில் தரப்பில் வேறு வழியே இல்லாதபோது கடைசியாகத்தான் வெளிநாட்டு ராணுவத்தைக் கூப்பிட வேண்டும். பாதிக்கப்பட்ட நாட்டிடம் செலவு வாங்கக் கூடாது. பொருளை மக்கள் கையில் நேரே கொடுப்பது ஒரு வகை, அதற்கு ஒரு படி பின்னால் நின்று சுமந்து தருவது இன்னொன்று, சாலை போடுவது, வான்வழியை ஒழுங்குபடுத்துவது மூன்றாவது. மக்களைவிட்டுத் தள்ளி நிற்க நிற்க ராணுவத்துக்கு ஏற்ற வேலை என்று அர்த்தம்.

ஏன் தள்ளி நிற்க வேண்டும்? ஆப்கானிஸ்தானைப் பாருங்கள். 2001-இல் அமெரிக்கப் படை வானிலிருந்து போட்ட உணவுப் பொட்டலங்கள் மஞ்சள் நிறம். அதே வானிலிருந்து விழுந்த கொத்துக்குண்டின் சிறு குண்டுகளும் மஞ்சள். குழந்தைகள் எதை எடுக்கும்? அப்புறம் பொட்டலத்தின் நிறத்தை நீலமாக மாற்ற முடிவெடுத்தார்கள். 2004-இல் தெற்கே துண்டுச்சீட்டு போட்டார்கள்: உதவி தொடர்ந்து வர வேண்டுமானால் தாலிபான் பற்றித் தகவல் கொடுங்கள் என்று. அந்தச் சீட்டோடு சாக்கில் உள்ள அரிசியும் ஒரு பக்கம் சேர்ந்துவிட்டது. அதே ஆண்டு ஜூனில் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் ஊழியர்கள் ஐந்து பேர் பாத்கிஸ் மாகாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். 24 வருடம் அங்கே வேலை செய்த அமைப்பு கிளம்பிவிட்டது. சீட்டுக்கும் கொலைக்கும் நேர்க்கோடு போட நான் துணிய மாட்டேன். ஆனால் வெள்ளைச் சட்டை யார், சீருடை யார் என்று பிரித்துப் பார்க்கும் கண் ஒரு முறை கெட்டுப்போனால் திரும்ப வராது.

பிப்ரவரி 14

நேற்று எழுதியதற்கு நானே ஒரு முட்டுக்கட்டை போடுகிறேன். ராணுவத்தைக் கண்டாலே பத்தடி தள்ளி நிற்கிற அதே மருத்துவர்கள் அமைப்பு, 2014 செப்டம்பரில் ஐ.நா.வில் நின்று, மேற்கு ஆப்பிரிக்காவில் பரவிய எபோலா நோய்க்கு ராணுவங்களின் உயிரிப் பேரிடர்ப் பிரிவுகளை அனுப்புங்கள் என்று கேட்டது. அவ்வளவு கைமீறிப் போயிருந்தது. அதைப் படித்த அன்று நான் நம்பவில்லை.

அமெரிக்கப் படை லைபீரியாவுக்குப் போய் 11 சிகிச்சை மையங்கள் கட்டியது. கட்டி முடிப்பதற்குள் நோய் இறங்கிவிட்டது. எல்லாவற்றிலும் சேர்த்து சிகிச்சை பெற்றவர்கள் 28 பேர், ஒன்பது மையங்களில் ஒருவர்கூட இல்லை. வீண் என்று சிரிப்பது சுலபம். நோய் ஏறியிருந்தால் அதே மையங்களைக் கட்டாதவனை என்ன சொல்லியிருப்போம்? ஆய்வுக்கூடங்கள் கொண்டுபோனது, சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி தந்தது, இவையெல்லாம் படத்தில் வராது, ஆனால் உதவியது அவைதான் என்பது என் கட்சி.

பிப்ரவரி 14, பிறகு

காசாவில் நிவாரணச் சரக்கு இறக்க அமெரிக்க ராணுவம் கட்டிய மிதவைத் துறை பற்றிக் கேட்டிருக்கிறார்கள். 2024 மே 17-இல் வேலை ஆரம்பித்தது, ஒரு வாரத்தில் அலை உடைத்தது, இழுத்துப் போய்ச் சரிசெய்து திரும்பக் கொண்டுவந்தார்கள், ஜூலையில் மூடிவிட்டார்கள். உருப்படியாக ஓடியது 20 நாள் போல. பொறியியலைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. ஆனால் திறக்க வேண்டிய சாலைவாயில் பக்கத்திலேயே இருக்கும்போது கடலில் பாலம் கட்டுவது ராணுவ வேலையே இல்லை, அது தூதரக வேலை தோற்ற இடம். முதலில் கேள்வி கேட்டவரின் சந்தேகம் இந்த ஒரு இடத்தில் ரொம்பவே சரி.

பிப்ரவரி 21

பரணில் பழைய நாட்குறிப்பு அகப்பட்டது. பிப்ரவரி 9-இல் எழுதியதைத் திருத்த வேண்டும்.

14 பேலட் இல்லை, 9. இரண்டு நாள் இல்லை, 31 மணி நேரம். இத்தனை வருடத்தில் கதை தானே வளர்ந்துவிட்டிருக்கிறது, சரி, அது போகட்டும். விமானம் வருவதற்கு முந்தின நாள் பக்கத்தில், அந்த விமானப்படையின் தொடர்பு அதிகாரி எங்களுக்கு அனுப்பிய தேவைப் பட்டியலை நான் என் கையாலேயே நகல் எடுத்து வைத்திருக்கிறேன். எரிபொருள், இரவு விளக்கு, இறக்க ஆட்கள் 20 பேர். நாலாவது வரி: 'மரக்கட்டை 27, தளத்தில் தயாராக.'

அந்த வரியின்மேல் ஒரு கோடு அடித்திருக்கிறது. பக்கத்தில் என் கையெழுத்தில்: 'விறகு கேட்கிறார்கள் போல, பிறகு பார்க்கலாம்.'